கிலோமீட்டர் சொல்லாத தேய்மானம்: ஏலமலை அடிவாரத்தில் டைமிங் செயின்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது சிலமலை. மேற்கே பார்த்தால் மலை, அதற்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்கள். இந்தப் பக்கத்து வண்டிகளுக்கு இரண்டு விதமான ஓட்டம் உண்டு. தென்னந்தோப்புக்கும் போடி கடைவீதிக்கும் போய்வருவது ஒன்று. போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறை என்று தோட்டங்களுக்கு ஏறி இறங்குவது மற்றொன்று. வண்டியோடு கம்பெனி தரும் கையேடு முதல் வகை ஓட்டத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதில் எல்லாமே கிலோமீட்டர் கணக்கு. எஞ்சினுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் டைமிங் செயினைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு மலை வண்டிக்குப் பொருந்தாது. ஏன் பொருந்தாது, அதற்குப் பதில் எதைக் கணக்கில் எடுப்பது, செயினை மாற்றினால் குறிகள் சேர்ந்துவிட்டன என்பதை எப்படி உறுதி செய்வது ஆகியவற்றை இங்கே பார்க்கலாம்.

செயினை எப்போது மாற்றுவது என்பதில் பட்டறைகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. சத்தம் வந்தால் போதும், அதுவரை தொடாதே என்பார் ஒருவர். செயினுக்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம், எஞ்சின் இறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பார் இன்னொருவர். ஹெட்டைத் திறக்கிறபோதெல்லாம் செட்டாக மாற்றிவிடு என்பவரும் உண்டு. மூன்று பேச்சிலும் உண்மை இருக்கிறது. எந்த எஞ்சின், எந்தச் சாலை என்பதைப் பொறுத்து எது சரி என்பது மாறும்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். காற்றை உள்ளே விடும் வால்வும் புகையை வெளியே விடும் வால்வும் பிஸ்டனின் இடத்துக்கு ஏற்பத் திறந்து மூடுவது இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தால்தான். அதனால் கிராங்கில் இருக்கும் பல்சக்கரத்தைப் போல இரண்டு மடங்கு பற்கள் கேம் சக்கரத்தில் இருக்கும். இரண்டையும் கட்டிவைப்பது செயின். விகிதத்தைப் பற்கள் பார்த்துக்கொள்ளும். எந்தப் பல்லில் தொடங்குவது என்பதைப் பற்கள் சொல்லாது, மாட்டுகிற கைதான் அதைத் தீர்மானிக்கிறது. சக்கரங்களில் புள்ளியாகவும் கோடாகவும் குறி போட்டிருப்பது அந்தக் கைக்கு வழிகாட்டத்தான். கேம் சக்கரத்தில் 28 பற்கள் என்றால் ஒரு பல் தவறுவது கேமில் கிட்டத்தட்ட 13 டிகிரி, கிராங்கில் 26 டிகிரி. வால்வுகள் திறந்து மூடும் நேரம் அவ்வளவு தள்ளிப்போனால் எஞ்சின் ஓடலாம், ஆனால் இழுக்காது. டீசல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடைவெளி மிகக் குறைவு. அங்கே இந்தத் தவறு வால்வையே வளைத்துவிடும்.

இந்த வேலையைச் செயின்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. பல்சக்கரத்தோடு பல்சக்கரத்தை நேரடியாகக் கோத்துவிடலாம். மலைச்சாலையை ஆண்ட மகிந்திரா ஜீப்புகளில் டிஐ எஞ்சின் பொருத்தியவை அப்படித்தான். அந்த எஞ்சினின் பூர்வீகம் இன்டர்நேஷனல் டிராக்டர். பல்சக்கரத்துக்குச் சத்தம் கொஞ்சம் கூடுதல், ஆயுள் அதைவிடக் கூடுதல். செயினிலிருந்து பல்சக்கரத்துக்கு மாறுவது ஜீப்பின் வரலாற்றிலேயே ஒருமுறை நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் எஞ்சினில் டைமிங் செயின் இருந்தது. போருக்குப் பிறகு பொதுமக்களுக்கு வந்த ஜீப்பில் சில ஆண்டுகளிலேயே அதை எடுத்துவிட்டுப் பல்சக்கரம் போட்டார்கள். ஆகவே காலை இருட்டில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போகும் பழைய ஜீப்பில் செயின் சத்தம் என்று யாராவது சொன்னால், அந்த எஞ்சினில் செயின் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். தோட்டத்துக் கிணற்றடி டீசல் பம்ப் எஞ்சினிலும், மருந்தடிக்கும் இடங்களில் ஓடும் சிறு ஓவர்ஹெட் வால்வு பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றிலும் பல்சக்கரம்தான். அவற்றிலும் புள்ளியோடு புள்ளி சேர்க்கும் வேலை உண்டு. தேய்ந்து நீளும் தொல்லை இல்லை.

மூன்றாவது வழி ரப்பர் பெல்ட். 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி காரில் அதைக் கொண்டுவந்தது. நம் ஊருக்கு அதைப் பழக்கியது மாருதி 800. பெல்ட் சத்தமில்லாமல் ஓடும், எச்சரிக்கை இல்லாமல் அறும். அதனால் இத்தனை கிலோமீட்டருக்கு மாற்று என்று கம்பெனியே கட்டாயமாகச் சொல்லிவிட்டது, வண்டிக்காரர்களும் கேட்டுக்கொண்டார்கள். செயின் திரும்பி வந்தபோது, இனி அந்தச் செலவு இல்லை என்று சொல்லி விற்றார்கள். செயினை மறந்துவிடலாம் என்ற எண்ணம் பரவியது அங்கிருந்துதான் என்று நினைக்கிறேன்.

செயின் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் பட்டியல் நீளம். முதலில் இருசக்கர வண்டி. ஹீரோ ஸ்பிளெண்டர் முதல் பெரும்பாலான நூறு சிசி பைக்குகளில் செயின்தான். டிவிஎஸ் எக்ஸ்எல் இரண்டு ஸ்ட்ரோக்காக இருந்தவரை அதில் வால்வும் இல்லை, கேமும் இல்லை, செயினும் இல்லை. 2015இல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தபோது, புல்லுக்கட்டும் உரமூட்டையும் ஏற்றும் விவசாயியின் மொபெட்டுக்குள்ளும் டைமிங் செயின் புகுந்தது. இந்த மாற்றத்தை வண்டிக்காரர்கள் பலர் இன்னும் உணரவில்லை. முன்பு பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினால் வேலை முடிந்தது. இப்போது எஞ்சினுக்குள் தனியாக ஆயில் இருக்கிறது, அதை மாற்றாவிட்டால் முதலில் அடிவாங்குவது செயினும் கேமும்.

அடுத்து வாடகை வண்டிகள். அம்பாசடரில் பிஎம்சி வழிவந்த எஞ்சினுக்கு முன்புறம் செயின். மூணாறுக்கு ஆள் ஏற்றிப்போகும் பழைய டெம்போ டிராவலரிலும், மலையேறும் பழைய ட்ராக்ஸிலும் இருப்பது மெர்சிடிஸ் பென்ஸின் ஓஎம் 616 என்ற டீசல் எஞ்சின். அதில் இரட்டை வரிசைச் செயின். ஸ்விஃப்ட் டிசையர் டீசலில் இருந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட்டில் ஒற்றை வரிசைச் செயின். பெட்ரோல் மாருதிகளில் கே வரிசை எஞ்சின்களுக்கும் செயின்தான்.

செயின் நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியும் அதைச் சுற்றிய புஷ்ஷும் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்கின்றன. ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் மான்செஸ்டரில் உருவாக்கிய புஷ் ரோலர் செயினின் பலமும் அந்த மூட்டுதான், பலவீனமும் அதுதான். சிறு பைக்கின் செயினில் 84 கண்ணிகள், ஒவ்வொரு மூட்டிலும் 0.02 மில்லிமீட்டர் தேய்மானம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் 1.7 மில்லிமீட்டர் நீளம் கூடியிருக்கும். தளர்ந்த பக்கத்தை டென்ஷனர் அழுத்தி இறுக்கிக்கொள்ளும். ஆனால் கிராங்க் இழுக்கும் பக்கத்தில் கூடிய நீளத்தை எந்த டென்ஷனராலும் திருத்த முடியாது. அந்தப் பக்கத்தில் 30 மூட்டுகள் இருந்தால் 0.6 மில்லிமீட்டர். 6.35 மில்லிமீட்டர் இடைவெளிச் செயினும் 28 பல் கேம் சக்கரமும் உள்ள எஞ்சினில் அது கிராங்க் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை டிகிரி தாமதம். சத்தம் எதுவும் இல்லாமலே இந்தத் தாமதம் வந்துவிடும்.

கேம் தாமதமானால் உள்வால்வு தாமதமாக மூடும். குறைந்த வேகத்தில் சுற்றும் எஞ்சினில், பிஸ்டன் மேலே வரத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருந்தால் உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் வெளியே தள்ளப்படும். அழுத்தம் குறையும். சமதளத்தில் நாற்பது ஐம்பதில் ஓடும்போது இது தெரியாது. மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், இரண்டாம் கியரில் சுமையோடு மெதுவாக இழுக்க வேண்டிய இடத்தில்தான் தெரியும். அங்கேயும் ஓட்டுநர் சந்தேகப்படுவது வேறொன்றை. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் குறைகிறது, எந்த எஞ்சினும் மேலே போகப் போகக் கொஞ்சம் சோரத்தான் செய்யும். மெட்டுக்கு மேலே வண்டி இழுக்காதுதான் என்று சொல்லிப் பழகிவிட்டோம். மலை தரும் சோர்வின் பின்னால் செயினின் சோர்வு ஒளிந்துகொள்கிறது. பிரித்தறிய வழி எளிது. போடியில், அடிவாரத்திலேயே, அதே சுமையோடு ஒரு மேட்டில் வண்டி முன்பு போல இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழேயும் சோர்ந்தால் பழி மலைமேல் இல்லை.

இனி கிலோமீட்டர் கணக்குக்கு வருவோம். சமதளத்தில் டாப் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டர் போகும் ஒரு வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றுகிறது என்று கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு 2500 சுற்று. அதே வண்டி மலையில் இரண்டாம் கியரில் அதே 2500 சுற்றில் மணிக்கு 20 கிலோமீட்டர்தான் போகும். ஒரு கிலோமீட்டருக்கு 7500 சுற்று. ஏறுகிற கியரிலேயே இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் பாடம், சரியான பாடமும்கூட. அதனால் இறக்கத்திலும் அதே 7500. மீட்டரில் ஒரு கிலோமீட்டர் ஓடியிருக்கும், செயின் மூன்று கிலோமீட்டர் ஓடியிருக்கும். இதோடு தோட்ட வாசலில் ஆள் சேரும்வரை நிறுத்தாமல் வைத்திருக்கும் நேரத்தைச் சேர்க்க வேண்டும். அப்போது மீட்டர் நகர்வதே இல்லை, ஆயில் அழுத்தமும் குறைவு. சமதள வண்டிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டரில் ஆயில் மாற்றச் சொன்னால், தினமும் மெட்டு ஏறும் வண்டிக்கு அதில் பாதியிலாவது மாற்ற வேண்டும் என்பது என் முடிவு. மூன்றில் ஒரு பங்கில் மாற்றுகிறவரைச் செலவாளி என்று சொல்ல மாட்டேன்.

செயினைத் தின்பது ஓட்டத்தைவிட ஆயில்தான். நூறு சிசி பைக்கில் ஆயில் ஒரு லிட்டர்கூட இல்லை. அந்தக் கொஞ்ச ஆயில்தான் கிளட்சையும் கியரையும் கேமையும் செயினையும் பார்க்கிறது. டீசல் எஞ்சினில் கரி ஆயிலில் கலந்து மிகமெல்லிய உப்புத்தாள் போல ஊசிகளை அராவுகிறது. கார்களில் டென்ஷனரே ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கரகரவென்று சத்தம் வந்து அடங்கினால், அழுத்தம் வந்து சேரும்வரை செயின் தளர்ந்து அடிக்கிறது என்று பொருள். அந்த ஓரிரு நொடி, நாளாக ஆக நீண்டுகொண்டே போகும். டேப்பட் சத்தம் வேறு. அது சீராக டிக் டிக் என்று கேம் வேகத்தில் விழும். செயின் சத்தம் சலசலப்பாக இருக்கும், ஆக்சிலரேட்டரை விடும்போது கூடும்.

மாற்றும் வேலையை ஸ்பிளெண்டர் வகை எஞ்சினில் கிட்டத்தில் பார்க்கலாம், அடிவாரப் பட்டறைகளில் அதிகம் திறக்கப்படுவது அதுதான். இடது பக்க மூடியைக் கழற்றினால் மேக்னட். பிளக்கையும் கழற்றிவிட வேண்டும், அப்போதுதான் அழுத்தம் தடுக்காமல் கையால் சுற்றும்போது உள்ளே எது இடிக்கிறது என்று விரலுக்குத் தெரியும். மேக்னட்டின் விளிம்பில் இரண்டு குறிகள் உண்டு: டி, எஃப். எஃப் பிளக் வெடிக்கும் இடம். டி பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம். மேக்னட்டை அதன் ஓட்டத் திசையில், இடப்பக்கமிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும்போது முதலில் வருவது எஃப், அதைத் தாண்டி டி. புதிதாகத் தொழில் கற்கும் தம்பிகள் முதலில் வந்த குறியில் நிறுத்திவிடுவதுண்டு. அங்கேயே பத்துப் பதினைந்து டிகிரி போய்விடுகிறது, பிறகு கேம் குறி எந்தப் பல்லிலும் சரியாக உட்காராது. உட்காராதபோது செயின் மேல் சந்தேகப்படாமல், நிறுத்திய குறி எது என்று மறுபடி பார்ப்பது நல்லது.

டி குறியை எஞ்சின் உடலில் இருக்கும் வெட்டுக்கு நேராக நிறுத்தியதும், ஹெட்டின் இடப்பக்க வட்ட மூடியைத் திறந்தால் கேம் சக்கரம் தெரியும். அதில் வட்டமாக ஓ என்ற குறி, ஹெட்டில் ஒரு சிறு வெட்டு. கிராங்க் டியில் நிற்கும்போது ஓ அந்த வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். பழைய செயினைக் கழற்றுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம். ஓ கொஞ்சம் பின்தங்கி நின்றால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே அளவு. ஒரு முழுப் பல் தள்ளி நின்றால் முன்பு மாட்டியவர் தவறாக மாட்டியிருக்கிறார், அல்லது செயின் தாண்டியிருக்கிறது. கழற்றும் முன் பெயிண்டால் அடையாளம் வைத்து அதே இடத்தில் திருப்பி மாட்டும் முறையை நான் முழுதாக ஏற்காதது இதனால்தான். பழைய நிலை சரியாக இருந்திருந்தால்தான் அந்த அடையாளம் சரி.

மேக்னட்டை எடுக்கப் புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டி எடுப்பது காந்தத்துக்கும் கிராங்குக்கும் கேடு. கேம் சக்கரத்தைக் கழற்றும்போது செயின் உள்ளே விழாமல் ஒரு கம்பியைக் கோத்துப் பிடித்துக்கொள்வார்கள். பழைய செயின் வெளியே வந்ததும் பார்க்க வேண்டியது டென்ஷனரின் ரப்பர் ரோலரை. தேய்ந்த ரோலரில் செயின் பதிந்து இரண்டு கோடுகளாகப் பள்ளம் விழுந்திருக்கும், ரப்பர் கண்ணாடி போல இறுகியிருக்கும், நகத்தால் அழுத்தினால் உள்ளே போகாது. அந்த ரோலர்மேல் புதுச் செயினைப் போடுவது அந்தப் பள்ளத்திலேயே புதுச் செயினை ஓடவிடுவது. கேம் சக்கரத்தின் பற்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல வளைந்திருந்தால் செயினோடு அதுவும் போக வேண்டும்.

மாட்டிய பிறகு செய்வதே இந்த வேலையின் உயிர். குறிகள் சேர்ந்தன, போல்ட் இறுகிவிட்டது, டென்ஷனர் விடப்பட்டது. உடனே கிக்கரை மிதிக்கக் கூடாது. கையால், ஓட்டத் திசையில், மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடியும் டிக்கு வந்து ஓவைப் பார்க்க வேண்டும். டி குறி ஒவ்வொரு சுற்றிலும் வரும், ஓ இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெட்டுக்கு வரும். அதனால் ஒரு சுற்றோடு நிறுத்திப் பார்த்தால் ஓ எதிர்ப்பக்கத்தில் நிற்கும், அது தவறல்ல. சுற்றும்போது நடுவில் இரும்பில் இரும்பு முட்டுவது போலக் கெட்டியாக நின்றால் அங்கேயே விட்டுவிட வேண்டும். வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்பதற்கு அது அறிகுறி. கையால் சுற்றித் தொட்டால் ஒன்றும் ஆகாது, காலால் மிதித்துத் தொட்டால் வால்வு போகும். மாலை இருட்டுகிற நேரம், வண்டிக்காரர் பக்கத்தில் நிற்கிறார், "அண்ணே, சீக்கிரம்" என்கிறார். அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடும் ஆசை அப்போதுதான் வருகிறது. நல்ல மெக்கானிக் அந்த நேரத்தில்தான் மெதுவாகிறார்.

கார் எஞ்சின்களில் ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. புதுச் செயினில் சில கண்ணிகள் வேறு நிறத்தில் இருக்கும், அவற்றைச் சக்கரக் குறிகளுக்கு நேராக வைத்து மாட்ட வேண்டும். இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தால் சக்கரக் குறிகள் சேர்ந்திருக்கும், நிறக் கண்ணிகள் எங்கோ போயிருக்கும். தவறு செய்துவிட்டோம் என்று எண்ணிச் சரியான வேலையைப் பிரித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிராங்கில் 18 பல், கேமில் 36 பல், செயினில் 94 கண்ணி என்றால் நிறக் கண்ணிகள் எல்லாக் குறிகளுக்கும் நேராகத் திரும்ப வருவதற்கு 94 சுற்று ஆகும். மாட்டும் நேரத்தோடு நிறக் கண்ணியின் வேலை முடிந்தது, சோதிக்கச் சக்கரக் குறிகள் போதும்.

அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு அருமையான சோதனை தெரியும். அந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம். அதன் மூடியைத் திறந்து ரோட்டரைப் பார்த்தபடி கிராங்கை முன்னும் பின்னும் மெல்ல அசைப்பார்கள். கிராங்க் எத்தனை டிகிரி அசைந்த பிறகு ரோட்டர் அசைகிறதோ அதுவே செயினின் தளர்ச்சி. எதையும் பிரிக்க வேண்டியதில்லை. அதே அமைப்பு ஒரு தீய பழக்கத்துக்கும் இடம் கொடுத்தது. செயின் தேய்ந்து கேம் பின்தங்கினால் தீப்பொறியும் பின்தங்கும். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு சிட்டிகை திருப்பினால் தீப்பொறி சரியாகிவிடும், வண்டி இழுப்பது போலத் தோன்றும். வால்வு நேரம் மட்டும் தவறியபடியே இருக்கும். அம்பாசடரில் செயின் மாற்றும் முறையும் தனி. இரு சக்கரங்களின் புள்ளிகளும் ஒன்றையொன்று பார்க்கும்படி செயினில் வைத்து, மூன்றையும் சேர்த்தே ஷாஃப்ட்டுகளில் தள்ளுவார்கள். இரு சக்கரமும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் கிராங்க் சக்கரத்துக்குப் பின்னால் வாஷர் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். புதுச் செயின் ஒரு பக்கமாகத் தேய்வதைத் தடுத்தது இந்தச் சின்ன வேலை.

டெம்போவின் ஓஎம் 616 இந்தத் தேய்மானத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட எஞ்சின். கேம் ஷாஃப்ட்டில் ஒரு குறி, அதன் தாங்கியில் ஒரு குறி. இரண்டையும் சேர்த்து நிறுத்திவிட்டு முன்னால் கிராங்க் கப்பியில் டிகிரி அளவைப் பார்த்தால், பூஜ்யத்திலிருந்து எத்தனை டிகிரி தள்ளியிருக்கிறதோ அது செயின் தேய்ந்த அளவு. அந்த அளவு சிறிதாக இருந்தால் திருத்துவதற்கென்றே, ஒரு பக்கம் தள்ளி வெட்டிய சாவிகளைக் கம்பெனி பல டிகிரிகளில் தந்தது. கேம் சக்கரத்துக்குள் சாதாரணச் சாவிக்குப் பதில் அதைப் போட்டால் கேம் சில டிகிரி முன்னேறும். இது தற்காலிக வைத்தியம்தான், ஆனால் அளந்து செய்யும் வைத்தியம். மாற்றும்போதும் எஞ்சினின் முன்பக்கத்தைப் பிரிக்காமல், மேலே பழைய செயினின் ஒரு கண்ணியை அறுத்து, அதன் நுனியில் புதுச் செயினை இணைத்து, ஒருவர் கிராங்கைச் சுற்ற இன்னொருவர் செயினைக் கேம் சக்கரத்தோடு அழுத்திப் பிடித்தபடி உள்ளே ஓட்டிவிடலாம். அழுத்திப் பிடிக்கும் கை ஒரு நொடி தளர்ந்தால் பல் தாண்டிவிடும். கடைசிக் கண்ணியைச் சரியாக ரிவெட் அடிக்காவிட்டால் அது அங்கேயே ஒருநாள் விடும். டீசல் பம்ப்பையும் அதே செயின்தான் சுற்றுகிறது என்பதால் பம்ப் டைமிங்கையும் பார்த்தே தீர வேண்டும். கேம் சரியாகி, டீசல் விழும் நேரம் பார்க்கப்படாமல் விடப்பட்ட வண்டிதான் புதுச் செயினோடு புகை கக்கியபடி ஏறும்.

மலைக்கே உரிய ஆபத்து ஒன்று நிறுத்தும் இடத்தில் இருக்கிறது. ஏற்றத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, ஹேண்ட்பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டுப்போனால், வண்டி பின்னால் சரியப் பார்க்கும்போது எஞ்சினைத் தலைகீழாகச் சுற்றப் பார்க்கிறது. இறக்கத்தைப் பார்த்து ரிவர்ஸ் கியரில் விட்டாலும் அதே கதை. இறுகியிருந்த பக்கம் தளரும், தளர்ந்த பக்கம் இறுகும். எஞ்சின் நின்றிருப்பதால் ஆயில் அழுத்தமும் இல்லை. செயின் தேய்ந்து, டென்ஷனரும் சோர்ந்திருந்தால் பல் தாண்டுவதற்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது. மறுநாள் காலை சாவி திருப்பியதும்தான் சேதம் தெரியும், காரணம் தெரியாது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, டயருக்குக் கல் வைத்து, பாரம் முழுவதும் அவற்றின் மேல் இறங்கிய பிறகு கியர் போட வேண்டும். கல் வைக்கும் பழக்கம் நம் மலை ஓட்டுநர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது எஞ்சினையும் காக்கிறது. பட்டறையிலும் இதே காரணத்துக்காகத்தான் குறி பார்க்கும்போது எஞ்சினைப் பின்னோக்கிச் சுற்றக் கூடாது. குறியைத் தாண்டிவிட்டால் முன்னோக்கியே சுற்றி மறுபடி வர வேண்டும்.

உதிரிப்பாகத்தில் தமிழ்நாட்டுக்குக் குறையில்லை. 1937இல் பேருந்து, லாரி ஓட்டும் தொழிலில் தொடங்கிய கோயம்புத்தூர் எல்ஜிபி, ரோலான் என்ற பெயரில் செயின் செய்கிறது. முருகப்பா குழுமத்தின் டைமண்ட் செயினும் நம் மாநிலத்ததுதான். ஆகவே நல்ல செயின் தேனியிலோ போடியிலோ கிடைக்காது என்பதற்கில்லை. சிக்கல் செட்டாக வாங்குவதில். செயின் மட்டும் போதும் என்று வண்டிக்காரர் சொல்வார். செயினின் விலைக்கு மேல் டென்ஷனர், கைடு, சக்கரம் எல்லாம் சேர்ந்து பில் இரண்டு மடங்காகும்போது அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டாம் முறை பிரிக்கும் கூலி அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். கூலி அதிகமாகும் எஞ்சினில் செட்டாக மாற்றுவதும், ஸ்பிளெண்டர் போலக் கூலி குறைந்த எஞ்சினில் தேய்ந்ததை மட்டும் பார்த்து மாற்றுவதும் பொருத்தம். டென்ஷனர் ரப்பர் மட்டும் எந்த எஞ்சினிலும் விதிவிலக்கில்லாமல் மாற வேண்டும். அட்டையில் பெயர் இல்லாத செயினை மலை வண்டிக்குப் போடக் கூடாது. அதன் ஊசிகளுக்கு மேற்பரப்புக் கடினம் போதாவிட்டால், முன்பு சொன்ன 0.02 மில்லிமீட்டர் சில மாதங்களிலேயே வந்துவிடும்.

இனி வரும் வண்டிகளில் குறிகள் குறைந்துகொண்டே போகின்றன. மல்டிஜெட்டில் கேமையும் ஃபிளைவீலையும் அவற்றுக்குரிய ஊசிகளால் பூட்டிவிட்டுத்தான் செயின் மாட்ட வேண்டும். சில புதிய எஞ்சின்களில் கிராங்க் சக்கரத்துக்குச் சாவியே கிடையாது, நடுப் போல்ட்டின் இறுக்கம் மட்டுமே அதைப் பிடித்திருக்கிறது. அந்தப் போல்ட்டைத் தளர்த்திய நொடியில் டைமிங் போய்விடும், கண்ணால் பார்த்துத் திருப்பி வைக்க வழியில்லை. கேமின் நேரத்தை ஓட்டத்திலேயே மாற்றும் எஞ்சின்களில், பூட்டாமல் போல்ட்டில் கை வைப்பது இன்னும் பெரிய தவறு. மாருதி 2020இல் டீசல் கார் விற்பதை நிறுத்திவிட்டாலும், ஏற்கெனவே விற்ற வண்டிகள் இன்னும் நெடுங்காலம் இந்தச் சாலைகளில் ஓடும், அவற்றின் செயின்கள் தேயும் வயது இப்போதுதான் வருகிறது. அவை வந்து நிற்கப்போவது போடி, சிலமலை, தேவாரம் சாலையோரப் பட்டறைகளில். பூட்டு ஊசிகளும் டார்க் ரெஞ்சும் அடங்கிய செட்டை ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியாக வாங்குவது கட்டுப்படியாகாது. நாலைந்து பட்டறைகள் சேர்ந்து, எஞ்சின் வகைக்கு ஒன்றாக வாங்கி, போடியில் ஓர் உதிரிப்பாகக் கடையில் வைத்து நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டால், பெரிய ஊர்களுக்கு வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பும் நிலை வராது.